நூறு கிராமில் இருபத்தொன்று

ஜார்ஜ் டவுன்
4.3.1984

அன்புள்ள அண்ணாவுக்கு,

மெல்பர்னில் ஊரார் சாப்பாட்டையெல்லாம் பரிசோதிக்கிறீர்கள், தங்கை வீட்டுச் சாப்பாட்டையும் கொஞ்சம் பாருங்கள். தொண்டைப் புற்றுக்குக் கரண்ட் வைத்ததிலிருந்து இவருக்கு எதுவும் லேசில் இறங்குவதில்லை. இவருடைய ஆபீஸ் ஜெயராஜ் ஒரு சத்து மா டின் கொண்டுவந்து, “ரெண்டு கரண்டி கலக்கிக் குடுங்கக்கா, ஒரு வேளைச் சாப்பாடு முடிஞ்சிச்சிலா” என்கிறார். லேபலில் உள்ளபடி எழுதுகிறேன்: சீனி, பால்மா, சோயா, பதினொரு வைட்டமின். நூறு கிராமில் புரதம் 21. இவரோ புட்டும் தேங்காய்ப்பால் சொதியும் கேட்கிறார். கொடுக்கலாமா, மா போதுமா?

அன்புத் தங்கை,
செல்வநாயகி

மெல்பர்ன்
17.3.1984

அன்புத் தங்கச்சி,

வேலைக்கு நடுவே எழுதுகிறேன், குறை நினைக்காதே. புரதம் 21 நல்ல அளவு. மூன்று கிளாஸ் கொடுத்தால் அறுபதைத் தாண்டும், மச்சான் குலசேகரத்துக்குத் தாராளம். புட்டு புரைக்கேறினால் ஆபத்து. கெஞ்சினாலும் வேறெதுவும் கொடுக்காதே.

அன்புடன்,
அண்ணா

ஜார்ஜ் டவுன்
22.4.1984

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னபடியே மூன்று கிளாஸ்தான். ஆனால் ஆள் உருகிப் போகிறார், இப்போது நாற்பத்தாறு கிலோ. நேற்று அடுத்த வீட்டுக் குழம்பு வாசனைக்கு எழுந்து உட்கார்ந்து, “செல்வம், சொதி மட்டும் ஒரு கரண்டி தாவன்” என்றார். “அண்ணா வேண்டாமெண்டு எழுதியிருக்கிறார்” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன். அரைக் கிலோ டின் எட்டு நாள் வருகிறது. அளவைக் கூட்டினால் குடித்ததையெல்லாம் சத்தி எடுக்கிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

செல்வம்

மெல்பர்ன்
5.5.1984

செல்வம்,

எட்டு நாள் வருகிறது என்றதும்தான் எனக்கு உறைத்தது. 21 என்பது நூறு கிராமுக்கு. நீ சரியாகத்தான் எழுதியிருந்தாய், நான்தான் ஒரு கிளாஸுக்கு என்று வாசித்துவிட்டேன். இரண்டு கரண்டி என்றால் இருபது கிராம் மா. மூன்று கிளாஸும் சேர்ந்து இரண்டு முட்டைக்குச் சமம். மிச்சம் பெரும்பாலும் சீனி. லேபலில் எது முதலில் நிற்கிறதோ அதுதான் அதிகம் என்று ஊருக்குச் சொல்லிக்கொடுப்பவன் நான்! உடனே டாக்டரிடம் போ. முட்டை, பருப்பு, மீன், எது இறங்கினாலும் கரைத்துக் கொடு. சொதி கொடு. என்னை மன்னித்துவிடு, தங்கச்சி.

அம்பிகைபாகன்

ஜார்ஜ் டவுன்
19.5.1984

அண்ணா,

தந்தி கிடைத்திருக்கும். உங்கள் கடிதம் இவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்றுதான் வந்தது. எதைக் கொடுத்திருந்தாலும் இவ்வளவு நாள்தான் என்கிறார் டாக்டர். நீங்களாவது அதை நம்புங்கள்.

படையலுக்கு இவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தேன். புட்டு, மீன்குழம்பு, சொதி. ஒரு கரண்டி கேட்டவருக்கு இலை வழிய வழிய ஊற்றினேன். யோகம்மா மாமி வந்து கையைப் பிடித்து நிறுத்தினார்.

உங்கள் மேல் கோபமில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கொஞ்ச நாளைக்கு எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

செல்வநாயகி