நூற்று அறுபத்து மூன்று நாள் சிலிண்டர்

கருப்பசாமி துணை

மண்ணரை,
2.3.2025

விஜயராணி அக்காவுக்கு,

முகம் தெரியாத ஒருத்தி வணக்கம் சொல்லி எழுதுகிறேன். நீங்கள் குடியிருந்த வீட்டில் இப்போது நாங்கள் இருக்கிறோம். செல்லாத்தாள் அம்மாவின் லைன் வீடு, பின்வரிசையில் மூன்றாவது. என் பெயர் தமிழ்மதி, ஊர் உசிலம்பட்டிப் பக்கம். தை மாதம்தான் கல்யாணம் ஆகித் திருப்பூருக்கு வந்தேன். அவர் பெயர் முனீஸ், பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. நீங்கள் விட்டுவிட்டுப் போன கேஸ் அடுப்பிலும் சிலிண்டரிலும்தான் எங்கள் குடும்பம் நடக்கிறது.

கேஸ் ஏஜென்சியிலிருந்து உங்கள் பெயருக்கு ஒரு தாள் வந்திருந்தது, இத்துடன் வைத்திருக்கிறேன். முகவரி செல்லாத்தாள் அம்மா கொடுத்தார். போன் நம்பர் கேட்டதற்கு, "அந்தப் பழைய நெம்பரு போறதில்லீங் கண்ணு, தபால்தான் போவும்" என்றார்.

தாள் ஒரு சாக்குதான். விஷயம் வேறு. முன் அறைக்கு வெள்ளையடித்தவர்கள் சமையல்கட்டை விட்டுவிட்டார்கள். அடுப்புக்கு இடதுபக்கச் சுவரில், ஒவ்வொரு சிலிண்டரும் மாட்டிய தேதியையும் தீர்ந்த தேதியையும் நீங்கள் பென்சிலால் எழுதி வைத்தது அப்படியே இருக்கிறது. ஒரு மத்தியானம் உட்கார்ந்து நாள் எண்ணிப் பார்த்தேன். முதலில் வந்ததெல்லாம் நாற்பத்தைந்து, ஐம்பது நாள். பிறகு எழுபது. பிறகு தொண்ணூறு. கடைசியாக மாட்டியது நூற்று அறுபத்து மூன்று நாள் ஓடியிருக்கிறது.

அக்கா, எங்கள் வீட்டில் நான்தான் பெரிய கருமி. தீக்குச்சியை இரண்டாகப் பிளப்பாள் என்று அண்ணன் கேலி செய்வான். என்னையும் மிஞ்சிய ஒருவர் இந்த அடுப்படியில் இருந்திருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவரிடம் காட்டினேன். "அது பொம்பளையா, மந்திரவாதியா?" என்றார். எப்படிச் செய்தீர்கள் என்று எழுதுங்கள். பிப்ரவரி பத்தாம் தேதி மாட்டிய சிலிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களைப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

இப்படிக்கு,
தமிழ்மதி


சேசு மரி சூசை

திசையன்விளை வழி,
14.3.2025

தமிழ்மதிக்கு,

தாள் வந்தது. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுப்பும் சிலிண்டரும் உன்னிடமே இருக்கட்டும். அந்த வீட்டைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம்.

ரகசியம் ஒன்றும் இல்லை. அரிசியை அரை மணி நேரம் ஊறவை. உலையை மூடி வை. சோறு நன்றாக ஒரு கொதி வந்ததும் இறக்கிவிடு. கம்பெனி அட்டைப் பெட்டி ஒன்றில் பனியன் வேஸ்ட் துணியை நெருக்கித் திணித்து, நடுவில் பானையை வைத்து, மேலேயும் துணி போட்டு அமுக்கி மூடு. ஒரு மணி நேரத்தில் தானே வெந்துவிடும். வெள்ளை வேஸ்ட்டாகப் பார்த்து எடு, சாயத் துணி சூட்டில் வாடையடிக்கும். பருப்பை முதல் நாளே ஊறப்போடு.

குழாய்த் தண்ணீர் இன்னும் எட்டு நாளைக்கு ஒரு தடவைதானா?

விஜயராணி


மண்ணரை,
6.4.2025

அன்புள்ள அக்கா,

எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கேள்வி கேட்டால் பதில் போடுவதுதானே மரியாதை. தண்ணீர் இப்போது ஆறு நாளைக்கு ஒரு தடவை வருகிறது.

பெட்டிச் சோறு முதல் நாள் நறுக்கரிசியாக நின்றது, இரண்டாம் நாள் பூவாக மலர்ந்தது. இவர் பார்த்துவிட்டு, "சோத்தப் பார்சல் கட்டி எந்த நாட்டுக்குப் புள்ள அனுப்பப் போற?" என்றார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

கம்பெனியில் அவசர ஆர்டராம். தினமும் ஒன்றரை ஷிப்ட். ராத்திரிச் சாப்பாடு அங்கேயே கிடைத்துவிடுகிறது, "எனக்கு வைக்காத" என்று சொல்லிவிட்டார். அதுவும் நல்லதுதான், கேஸ் மிச்சம். இன்றைக்கு ஐம்பத்தாறாவது நாள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று சும்மாவா சொன்னார்கள்.

நானும் செக்கிங் வேலைக்குப் போகிறேன் என்றேன். "ஒரு வருசம் வீட்டுல இரு, ஊர்ல ஒரு மாதிரி பேசுவாங்க" என்கிறார். பகலில் லைனில் எல்லா வீடும் பூட்டிக் கிடக்கிறது. எதிர்ச் சந்தில் தையல் மிஷின் சத்தம் நின்றால்தான் மணி ஒன்று என்று தெரிகிறது. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா?

அன்புடன்,
தமிழ்மதி


சேசு மரி சூசை

திசையன்விளை வழி,
21.4.2025

அன்புள்ள தமிழ்மதி,

நேற்று ஈஸ்டர். பூசை முடிந்து வந்து உன் கடிதத்தை இன்னொரு தடவை படித்தேன். பார்சல் சோறு என்று உன் வீட்டுக்காரர் சொன்னதற்கு நானும் சிரித்தேன். என்னைக் கெட்டிக்காரி என்று யாரும் சொல்லி வெகுகாலம் ஆகிறது, பிடித்திருந்தது.

நான் இங்கே கன்னியர் மடத்து விடுதியில் சமையல் செய்கிறேன், எண்பது பிள்ளைகளுக்கு. அளவெல்லாம் மறந்துபோய்விட்டது. இருந்தாலும் நினைவில் இருப்பதை எழுதுகிறேன். புளித்தண்ணீருக்கு அடுப்பே வேண்டாம். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கிள்ளிப் போட்டு உப்புப் போட்டால் போதும். செல்லாத்தாள் அம்மா கொல்லையில் முருங்கை இருக்கிறது, கேட்டால் ஒடித்துத் தருவார். ஒரு வாரத்துக்கான பொடிகளை ஒரே நாளில் வறுத்து வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

விஜயராணி


மண்ணரை,
18.5.2025

அன்புள்ள அக்கா,

தொண்ணூற்றெட்டு. என்னால் நம்பவே முடியவில்லை. உங்கள் தேதிகளுக்குக் கீழே என் தேதியையும் எழுதிவிட்டேன். இன்னும் அறுபத்தைந்து நாள் ஓட்டினால் உங்களைப் பிடித்துவிடுவேன்.

போன கடிதத்தில் உடம்பைப் பார்த்துக்கொள் என்பதற்கு மேலே ஒரு வரியை அடித்திருந்தீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தும் படிக்க முடியவில்லை. என்ன அது?

இவரை நல்லூர் யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வேலை முடிய நேரமாகிறது என்று ஊர்க்காரர்கள் நான்கு பேரோடு அங்கேயே ரூமில் தங்கிக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை வருவார். போன ஞாயிறு துணி துவைக்க வேண்டியிருந்ததாம், வரவில்லை. பாவம், எனக்காகத்தானே உழைக்கிறார்.

எனக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை அடுப்புப் பற்றவைத்தால் போதும். காலையில் டீ போடும்போதே உலையும் வைத்துவிடுவேன், ராத்திரிக்கும் மறுநாளுக்கும் பழைய சோறு. செல்லாத்தாள் அம்மா நேற்று வந்து எட்டிப் பார்த்தார். "ஏங் கண்ணு, உங்கூட்டுல தாளிக்கற சத்தமே கேக்கறதில்லியே, அடுப்பு ரிப்பேருங்களா?" என்றார். சிக்கனம் என்றேன். சுவரில் இருந்த தேதிகளைப் பார்த்துவிட்டுப் போனார்.

சில நாள் நான் வாயைத் திறந்து பேசினேனா என்றே சந்தேகம் வருகிறது. சாயங்காலம் கடையில் அரை மூடி தேங்காய் கேட்கும்போது குரல் கரகரவென்று வருகிறது. நீங்கள் எழுதுவதை நான் சத்தமாகத்தான் படிக்கிறேன்.

உங்கள்,
மதி


சேசு மரி சூசை

திசையன்விளை வழி,
1.6.2025

அன்பு மதி,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இனிச் சுற்றி வளைக்கவில்லை.

அந்தச் சுவரில் இருப்பது என் சிக்கனம் இல்லை. நாற்பத்தைந்து நாள் வந்ததெல்லாம் இரண்டு பேருக்குச் சமைத்தது. எழுபது நாள் வந்தபோது ஆரோக்கியராஜ், அதுதான் என் வீட்டுக்காரர், ராத்திரிச் சாப்பாட்டை வெளியிலேயே முடித்துக்கொண்டு வந்தார். தொண்ணூறு வந்தபோது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் சாப்பிட்டார். நூற்று அறுபத்து மூன்று நாளும் அந்த வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். காலையில் டீ, வாரத்தில் இரண்டு நாள் சோறு. தேதியை எழுதியது கைப்பழக்கம்.

அவர் கெட்டவர் இல்லை. அடித்ததில்லை, திட்டியதில்லை, வேறு பெண் இருந்ததாகவும் தெரியவில்லை. முதலில் ஓவர்டைம் என்றார், பிறகு ரூம் என்றார், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு வைக்காதே என்று அவர் சொன்னபோது, கேஸ் மிச்சம் என்று உன்னைப் போல நானும் சந்தோஷப்பட்டேன். ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் சண்டை வருமே என்று பயம். ஒரு சண்டைகூட இல்லாமல் எங்கள் குடும்பம் முடிந்துபோயிற்று. அவர் கூப்பிடுவாரோ என்று போனையே பார்த்துக்கொண்டிருந்து, அது தாங்காமல்தான் போன் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டேன்.

நீ கேட்ட அந்த வரி, "முனீஸ் எங்கே சாப்பிடுகிறார்?" நீ என்னைப் புகழ்வது நின்றுபோய்விடுமே என்று அடித்துவிட்டேன். இவ்வளவு தெரிந்தவள் உனக்குப் புளித்தண்ணீர் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என்னை மன்னித்துவிடு.

அட்டைப் பெட்டியைத் தூக்கி வெளியே போடு. இரண்டு அடுப்பையும் பற்றவை. அவரைக் கூப்பிடு. வரவில்லை என்றால் நீயே போய்ச் சண்டை போடு.

விஜயராணி


மண்ணரை,
9.6.2025

திருமதி விஜயராணி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்காரரும் என் வீட்டுக்காரரும் ஒன்றில்லை. சமையல் கேட்டவளிடம் குடும்பத்தைக் கலைக்கிற பேச்சு எதற்கு? உங்கள் அடுப்பையும் சிலிண்டரையும் செல்லாத்தாள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நாங்கள் வேறு வாங்கிக்கொள்கிறோம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

தமிழ்மதி முனீஸ்


மண்ணரை,
29.6.2025

அக்கா,

போன கடிதத்தை முதலில் கிழித்துப் போடுங்கள். அதைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அழுதேன். அதற்கு அடுத்த ஞாயிறும் அவர் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு வைத்தேன். கேரியரில் எடுத்துக்கொண்டு, அவரிடம் சொல்லாமல் நல்லூருக்கு டவுன் பஸ் ஏறினேன். ரூம் மாடியில் இருக்கிறது. படியேறும்போதே பூண்டு வதங்குகிற வாசம் வந்தது. எட்டிப் பார்த்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இவர்தான் குண்டானில் கறியைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். நான்கு பேரும் தட்டோடு சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஏதோ கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த நாலரை மாதத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நம் வீட்டில் ஒரு வெங்காயம் உரித்ததில்லை அக்கா. அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது.

என்னைப் பார்த்ததும் கரண்டி நின்றுவிட்டது. "என்ன புள்ள, சொல்லாமக் கொள்ளாம?" என்றார். பக்குவமாகப் பேசத்தான் நினைத்துப் போனேன். வாயில் வந்தது வேறு. "அங்க ஒருத்தி பழைய சோத்தத் தின்னுக்கிட்டுச் சிலிண்டர் நாள எண்ணிக்கிட்டுக் கெடக்கேன், இங்க கறி வேகுதா மாமா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர்கள் நான்கு பேரும் சத்தமில்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டார்கள்.

அடுப்பை அணைத்துவிட்டு அவர் சொன்னார்: "வீட்டுக்கு வந்தா எதத் தொட்டாலும் மிச்சம் புடிக்கிற. ரெண்டாந்தடவ குழம்பு கேக்க பயமா இருக்கு. அடுப்பக் கூட்டி வச்சா உன் மொகம் சுருங்குது. நான் என்ன செய்ய?"

எனக்குச் சுருக்கென்று தைத்தது. உண்மைதான். அதற்காகவும் சேர்த்துச் சண்டை போட்டேன். இதை முன்னாலேயே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு படியிறங்கினார்.

ஒரே பஸ்ஸில் வந்தோம். பக்கத்தில் உட்காராமல் டிரைவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அன்றிலிருந்து இங்கிருந்துதான் வேலைக்குப் போகிறார். முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நேற்று அவராகவே வந்து வெங்காயம் அரிந்தார், நான் தடிமனாக நறுக்குகிறேனாம், அதற்கு ஒரு சண்டை. வியாழக்கிழமை சிலிண்டர் தீர்ந்தது, எத்தனை நாள் என்று பார்க்கவில்லை. சண்டை இன்னும் ஓயவில்லை அக்கா, ஆனால் ஆள் இங்கேதான் இருக்கிறார்.

நீங்கள் எழுதுங்கள். அடித்த வரிகளையும் சேர்த்து எழுதுங்கள்.

உங்கள்,
மதி


சேசு மரி சூசை

திசையன்விளை வழி,
12.10.2025

அன்பு மதி,

ஜூலையில் ஒன்று எழுதினேன், செப்டம்பரில் ஒன்று எழுதினேன். இரண்டுக்கும் பதில் இல்லை. முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் ஆள் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, கடிதம் எழுத எங்கே நேரம் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு வேறு மாதிரியும் நினைப்பு வந்தது. அவர் மறுபடி நல்லூருக்கே போய்விட்டாரோ, நீ உசிலம்பட்டிக்குப் போய்விட்டாயோ, இல்லை, அந்த வீட்டிலேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாயோ. எது என்று தெரியாமல் எனக்கு வேலை ஓடவில்லை.

தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கரண்டியோடு வாசலுக்கு வந்துவிடுகிறேன். நேற்று மடத்து மதர் பார்த்துவிட்டு, யாரிடமிருந்து எதிர்பார்க்கிறாய் என்று கேட்டார். தங்கச்சி என்று சொல்லிவிட்டேன். எனக்குத் தங்கச்சி கிடையாது என்பது அவருக்குத் தெரியும்.

ஒரு தடவை இப்படிச் சும்மா இருந்து பார்த்தாயிற்று. வேலையாக இருப்பார், வருவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். உன்னிடம் அப்படி இருக்கப் போவதில்லை. அதனால் சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன், கேட்டுக்கொள். ஏன்டி எழுதவில்லை? ஆறு கடக்கிறவரைக்கும் அண்ணன் தம்பி, அப்புறம் நீ யாரோ நான் யாரோ என்றா? நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறேன் என்று ஒரு வரி போடு. இல்லை என்றால் இல்லை என்று ஒரு வரி போடு. உன் கடிதம் வராமல் எனக்கு இங்கே கஷ்டமாக இருக்கிறது. எண்பது பேருக்குச் சோறு போட்டுவிட்டு நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன், அப்போது படிக்க ஒன்றும் இல்லை. யாரிடமும் இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இந்த மாதம் முடியும்வரை பார்ப்பேன். அதற்குள் பதில் வரவில்லை என்றால் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவேன். வந்து லைன் வீட்டு வாசலில் நின்றுதான் கத்துவேன். முனீஸ் வீட்டில் இருந்தால் அவருக்கும் கேட்கட்டும்.

உன் அக்கா,
விஜயராணி