நாற்பதுக்குப் பதினேழு

அடுகோடி,
பிப்ரவரி 3

அன்புள்ள டிரேவர் அண்ணா,

டீமின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டீர்கள், போனும் எடுப்பதில்லை. அதனால் தபாலில் எழுதுகிறேன். அண்ணி நலமா, சாப்பிட்டீர்களா என்றெல்லாம் கேட்கும் மனநிலையில் நான் இல்லை.

மாநிலக் கூடைப்பந்துப் போட்டிக்குக் கோச்சாக நீங்கள் அனுப்பிய பட்டியலில் என் பெயர் இல்லை. அனுஷா பெயர் இருக்கிறது. கேட்டால், பயிற்சி நோட்டில் அவள் நாற்பதுக்கு முப்பத்தொன்று கூடை போட்டிருக்கிறாளாம், நான் பதினேழாம். அடப் பாவமே! ஆறு மாதமாக என்னை ஒரே இடத்தில் நிற்க விட்டீர்களா? இடது மூலையிலிருந்து ஒன்று, ஓடிவந்து ஒன்று, கோட்டுக்குப் பின்னால் தள்ளி ஒன்று. "மிஸ்ஸானா ஆகட்டும் சிந்து, இப்படி மாத்தி மாத்திப் போட்டாதான் கை கத்துக்கும். மேட்ச்ல பாரு" என்றது யார்? அனுஷா அதைக் காதில் வாங்காமல் ஒரே கோட்டில் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள். நீங்களும் விட்டுவிட்டீர்கள். சொன்னதைக் கேட்ட நான்தான் முட்டாளா?

விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்க எனக்கு இதுதான் கடைசி வருஷம். அதுவும் உங்களுக்குத் தெரியும்.

கோபத்துடன்,
சிந்து

லிங்கராஜபுரம்,
பிப்ரவரி 7

பிரியமுள்ள சிந்து,

உன் கோபம் புரிகிறதும்மா. கமிட்டிக்காரர்கள் கணக்குக் கேட்டார்கள், என்னிடம் இருந்தது அந்த நோட்டுதான். அனுஷா மேல் எனக்குத் தனிப் பாசமெல்லாம் கிடையாது. குரூப்பில் நீ எல்லோர் முன்னாலும் கத்தியதால்தான் நீக்கினேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

டிரேவர்

அடுகோடி,
பிப்ரவரி 10

டிரேவர் அண்ணா,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. வயிறுதான் எரிகிறது.

பயிற்சியில் விழுந்ததை எண்ணினால் யார் சுலபமான பயிற்சி செய்தார்கள் என்றுதான் தெரியும். யாருக்கு ஆட்டம் வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? பத்து நாள் எங்கள் இருவரையும் பந்தைத் தொட விடாதீர்கள். அப்புறம் கூப்பிடுங்கள். நீங்கள் சொல்லும் இடத்திலிருந்தெல்லாம் ஆளுக்கு இருபது போடுகிறோம். நான் தோற்றால் வாயை மூடிக்கொண்டு போய்விடுகிறேன்.

சிந்து

லிங்கராஜபுரம்,
பிப்ரவரி 23

பிரியமுள்ள சிந்து,

நேற்று நீ இருபதுக்குப் பதினான்கு, அனுஷா ஆறு. எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குச் சொல்லிக்கொடுத்ததை நானே நம்பவில்லை போலிருக்கிறது.

பட்டியலைத் திருத்த வெள்ளிக்கிழமை வரை நேரம் இருக்கிறது. அனுஷாவுக்கு முழங்கால் வலி என்று எழுதி, அவள் இடத்தில் உன் பெயரைப் போட்டுவிடுகிறேன். காயம் என்றால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். யாராவது விசாரித்தால் நீயும் அப்படியே சொல்லிவிடு. திங்கட்கிழமை பயிற்சிக்கு வந்துவிடு.

அன்புடன்,
டிரேவர்

அடுகோடி,
பிப்ரவரி 25

டிரேவர் அண்ணா,

தபாலை நம்பி இருக்க முடியாது, நானே கொண்டுவந்து உங்கள் கேட்டில் செருகுகிறேன்.

அனுஷாவுக்கு முழங்காலில் ஒரு கேடும் இல்லை. நேற்று ஹோசூர் ரோட்டில் பஸ்ஸைத் துரத்திப் பிடித்து ஏறினாள், என் கண்ணால் பார்த்தேன். பத்தொன்பது வயசுப் பெண். காயம் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த வருஷம் அவளை எந்த டீமில் சேர்ப்பார்கள்? ஒரே இடத்தில் நின்று போடுகிறாளே என்று அவளை ஒரு வார்த்தை கண்டிக்காதவர் நீங்கள். இப்போது அவள் காலையும் நீங்களே ஒடிப்பீர்களா? அதற்கு நான் சாட்சியா? வெட்கமாக இல்லையா அண்ணா?

பட்டியலைத் திருத்தக் காரணம் "பயிற்சியாளர் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்" என்று எழுதுங்கள். ஒரே வரி. கீழே உங்கள் கையெழுத்து. அப்படி எழுதினால் திங்கட்கிழமை வருகிறேன். முடியாது என்றால் என் பெயரைச் சேர்க்க வேண்டாம். வேலை போனால் போகட்டும்.

சிந்து