விளம்பரப் பலகையில் உன் அப்பா

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே இருவரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் வீட்டுக்குப் பின்னால் குப்பை கொட்டிக் கிடந்த காலிமனையை அவர் தோட்டமாக்கியது உனக்குத் தெரியும். பஸ் ஓட்டிய கை சும்மா இருக்குமா, எதிர்வீட்டுத் தையல்காரியையும் தெருவில் இன்னும் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டு, கண்ணாடிச் சில்லும் பழைய டயரும் பொறுக்கி எறிந்து, கத்தரி, தக்காளி, கீரை என்று போட்டார். இடம் நாறிக் கிடந்த காலத்தில் எட்டிப் பார்க்காத மனைக்காரர், காய்த்த பிறகு வந்தார். "நீங்க பாட்டுக்குச் செய்யுங்க, நல்ல காரியம்" என்று தேனாகப் பேசினார். பிறகு ஒரு பெண் கேமராவோடு வந்து, தோட்டத்தைப் பற்றி எழுதப் போவதாகச் சொன்னாள். உன் அப்பா வீட்டுக்கு ஓடிவந்து இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரிய நின்றார்.

போன மாதம் மனைக்காரர் அனுப்பிய இயந்திரம் வந்து எல்லாவற்றையும் வழித்துப் போட்டுவிட்டது. பழுத்ததைப் பறிக்கக்கூட விடவில்லை. தகர வேலி அடைத்து, பசுமைக்கு நடுவே அடுக்குமாடி வீடுகள் என்று பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். அதில் சிரிப்பது உன் அப்பா, அந்தப் பெண் அன்று எடுத்த படம்தான். இவர் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டார் என்று தெருவே பேசுகிறது. தையல்காரி முகத்துக்கு நேராகவே, "எங்க உழைப்பை வித்துட்டீங்களே அண்ணே" என்று கேட்டுவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவள் நட்டதும்தானே போயிற்று. இவர் சுண்ணாம்பு வாளியும் பிரஷுமாகப் போய்த் தன் முகத்தையே அழிக்க ஏணி வைத்து ஏறியிருக்கிறார். காவல்காரர் பிடித்து இறக்கி, "இது நீங்களா சார்? படத்துல சின்ன வயசாத் தெரியறீங்களே" என்றாராம். அன்றிலிருந்து அப்பா வாசலுக்கே வருவதில்லை.

நேற்று நீ ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தாய். நம் தெருவிலேயே புது வீடு கட்டுகிறார்களாம், தோட்டமும் உண்டாம், ஒன்று வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். படத்தில் நிற்கிற மனிதரை நீ பார்க்கவே இல்லையா? அப்பாவிடம் காட்டவில்லை. அங்கே நமக்கு வீடு வேண்டாம்.

எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது முதலில் அவரிடம் பேசு. செடி எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதே.

உன் அம்மா