மங்கிய படம் சாட்சியாகாது

நாள் 9. காலை 06:40

கூண்டு நலம். காற்றுப் பம்பு, ஹீட்டர் இரண்டும் ஓடுகின்றன. கேமரா பேட்டரி நிறைந்திருக்கிறது. வெளியே கடல், தலைக்கு மேலே பனிப்பாறை. இடம் சனியின் ஒரு நிலா. பதிவு செய்பவள் மரகதவல்லி, வனவிலங்குப் புகைப்படக்காரி, சொந்த ஊர் வால்பாறை.

இது யார் கையில் கிடைக்குமோ தெரியாது, அதனால் விளக்கிவிடுகிறேன். நிலையம் பனிக்கு மேலே இருக்கிறது. அங்கிருந்து ஒரு துளை வழியாகக் கேபிளில் கட்டி, கண்ணாடி ஜன்னல் வைத்த இந்த ஒற்றை ஆள் கூண்டில் என்னை இறக்கியிருக்கிறார்கள். நிறுவனம் சுடுநீரால் பனியைக் குடைந்து கடலடித் தாதுவை எடுக்கப் போகிறது. உயிர் இருந்தால் குடையக் கூடாது என்பது சட்டம். உயிர் இல்லை என்று ஒப்புக்கு ஒரு வெளியாள் சொல்ல வேண்டும், அதற்குத்தான் நான். ஆளைப் பற்றி விசாரித்துவிட்டுக் கூப்பிட்டிருக்கலாம்.

நாள் 12. மாலை 17:15

எல்லா விளக்கையும் அணைத்துவிட்டேன், கேமரா பொத்தானின் சின்னப் பச்சை விளக்கு உட்பட. அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டியாயிற்று. வால்பாறையில் இருவாச்சிப் பறவையின் கூட்டுக்கு எதிரே இப்படித்தான் உட்காருவேன். நாம் தேடிப் போனால் காடு காலியாக இருக்கும். நம்மை அது மறக்கும்வரை உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வரும்.

வந்துவிட்டது.

பனியின் அடியில் தலைகீழாகத் தொங்குகிறது. பனைவிசிறி அளவு. இரை தின்னும்போது அதன் ஓரம் மட்டும் நீலமாக மினுங்குகிறது, அந்த நேரம் அசையாது. விசிறி என்று பெயர் வைத்துவிட்டேன். இருபது வருடத் தொழிலில் இப்படி அழுதது கிடையாது.

நாள் 13. காலை 10:05

இன்று கொலை ஒன்றைப் பார்த்தேன்.

நிலையத் தலைவர் சந்தானகோபாலன், என்னைக் கேட்காமல், மேலேயிருந்தே வெளிவிளக்கைப் போட்டார். “நீங்கள் இருட்டில் என்னதான் பார்க்கிறீர்கள் என்று நாங்களும் பார்க்க வேண்டாமா?” என்றது ரேடியோ. கண்ணாடிக்கு அருகே இருந்த விசிறி ஒரு முறை சுருங்கியது. பிறகு உதிர்ந்தது. வெள்ளைத் துகள்கள் மெல்லக் கீழே இறங்கின.

முன்பு வந்த ஆய்வு இயந்திரங்கள் பெரிய விளக்குகளோடு எடுத்த படங்கள் என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றிலும் காலியான தண்ணீர், கொஞ்சம் வெள்ளைத் துகள். ‘தூசி’ என்று குறிப்பு எழுதியிருக்கிறார்கள். தூசியாம். உயிர் இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் பார்த்த மாத்திரத்தில் அதைக் கொன்றுவிட்டு, உயிர் இல்லை என்று எழுதிவிட்டார்கள்.

வெளிவிளக்கின் வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.

நாள் 15. மாலை 18:30

வேறொரு விசிறி வந்தது, அதன் சொந்த வெளிச்சத்திலேயே எடுத்தேன். ஒரு படத்துக்குப் பதினொரு நிமிடம் லென்ஸ் திறந்திருக்க வேண்டும். குடைய அனுமதி தரும், பூமியில் உள்ள குழுவுக்கு அனுப்பினேன். பதில்:

“உருவம் மங்கலாக உள்ளது. லென்ஸில் படிந்த ஈரமாகவும் இருக்கலாம். மங்கிய படம் சாட்சியாகாது. உடலின் ஓரம் தெளிவாகத் தெரியும் படம் வராவிட்டால், நாளை நண்பகல் பணி தொடங்கலாம்.”

கோபம் வந்தது. ஆனால் படம் மங்கல்தான், அதை நானே ஒப்புக்கொள்கிறேன். விசிறி அசையவில்லை, கூண்டுதான் அதிர்கிறது. ஹீட்டரின் காற்றாடி ஒரு பக்கம், பம்பு ஒரு பக்கம். தண்ணீர் டம்ளரில் வட்டம் வட்டமாக அலை. இதில் பதினொரு நிமிடம் திறந்து வைத்தால் கடவுளே நின்றாலும் மங்கலாகத்தான் விழுவார்.

நாள் 16. காலை 07:50

ஹீட்டரை நிறுத்தி எடுத்தேன். பரவாயில்லை, ஆனாலும் போதாது. பாக்கி இருப்பது பம்பு.

அதையும் நிறுத்தப் போவதாகக் கேபிள் பொறுப்பாளர் எபனேசரிடம் ரேடியோவில் சொன்னேன். தூத்துக்குடிப் பையன், நிலையத்தில் என்னிடம் மனிதராகப் பேசும் ஒரே ஆள்.

“எக்கா, பம்புல மட்டும் கை வச்சிராதீய. ஹீட்டரும் இல்லாம அது நின்னுச்சுன்னா குழாய்ல ஈரம் உறைஞ்சிரும். பெறவு எந்திரிக்காது. மேல தூக்கவே நாலு மணி நேரம் ஆவும், பாத்துக்கிடுங்க.”

“கூண்டுல உள்ள காத்து எவ்வளவு நேரம் வரும் தம்பி?”

“அதே நாலுதான். அதுவும் நீங்க பேசாம இருந்தா. நீங்க எங்க பேசாம இருக்கப் போறீய?”

உடனே தலைவர் குரல் குறுக்கிட்டது. “மரகதவல்லி, மேலே வந்துவிடுங்கள். இது உத்தரவு.” இறங்கச் சொன்னது உங்கள் வேலை, ஏறுவது என் இஷ்டம் என்று சொல்லி ரேடியோவை அணைத்தேன். அதுவும் லேசாக அதிரும்.

நாள் 16. காலை 08:35

தொழிலில் முதல் பாடம், பொத்தானை அழுத்தும்போது மூச்சை நிறுத்துவது. இன்று கூண்டின் மூச்சையே நிறுத்தினேன்.

அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை. டம்ளரில் தண்ணீர் கண்ணாடிபோல் நின்றது. விசிறி வந்தது, தொங்கியது, தின்றது, மினுங்கியது. லென்ஸைத் திறந்தேன். பதினொரு நிமிடமும் நான் அசையவில்லை.

படம் விழுந்துவிட்டது. ஓரத்து மயிரிழைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். உள்ளே இரை கரைவதுகூடத் தெரிகிறது. பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் உங்கள் தூசி.

நாள் 16. காலை 08:55

எபனேசர் சொன்னபடியே, பம்பு எழவில்லை. ஹீட்டரைப் போட்டும் பார்த்தேன், தட்டியும் பார்த்தேன். ரேடியோவைப் போட்டேன். படத்தைக் குழுவுக்கு மட்டுமல்ல, எல்லா நிலையங்களுக்கும் திறந்த அலைவரிசையில் அனுப்பச் சொன்னேன். அவன் தலைவரிடம் அனுமதி கேட்கவில்லை.

“அனுப்பிட்டேன்க்கா. வேலை போனா போவுது. இப்ப உங்களத் தூக்கப் போறேன்.”

நிறுத்து என்று கத்தினேன். கூண்டைத் தூக்கினால் கேபிள் நெடுக உள்ள வழிகாட்டி விளக்குகள் தானாக எரியும். என் கண்ணாடிக்கு வெளியே இப்போது ஒன்றல்ல, ஒரு கூட்டமே தொங்குகிறது. அமைதியானதும் எல்லாம் வந்துவிட்டன. அந்த விளக்கு எரிந்தால் அத்தனையும் உதிரும்.

“விளக்கு வயரை அறுத்துட்டுத் தூக்கு தம்பி.”

“அதுக்கே ஒரு மணி நேரம் ஆவுமே. காத்து பத்தாதேக்கா.”

“அறு.”

“அறுக்கேன்” என்றான். அழுகிற குரல்.

நாள் 16. காலை 11:40

குழுவின் பதில் வந்தது. “படம் ஏற்கப்பட்டது. பணி நிறுத்தப்படுகிறது.” இரண்டே வரி. எபனேசர் மூன்று தரம் படித்துக் காட்டினான். கூண்டு இருட்டில் ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் பாதி தூரம்கூட வரவில்லை. தலைவலி. விரல் மரத்துவிட்டது. சந்தானகோபாலன் என்ன செய்கிறார் என்று கேட்டேன். அறைக் கதவைச் சாத்திக்கொண்டாராம். சிரித்தேன், காற்று வீண்.

நாள் 16. நேரம் தெரியவில்லை

கடிகார முள் மங்கலாகத்

ஒரு விசிறி கண்ணாடியிலேயே ஒட்டிக்கொண்டு கூடவே வருகிறது. என் மூச்சுச் சூட்டுக்கு வந்திருக்கும். முகத்துக்கு நேரே மினுங்குகிறது. கேமராவில் பேட்டரி இல்லை. பரவாயில்லை, இது எனக்கு மட்டும்.

தூங்கக் கூடாது

எபனேசர், மேலே எல்லாரிடமும் சொல். மூடியைத் திறக்கிறவர்கள் யாராக இருந்தாலும், நான் எப்படி இருந்தாலும், முதலில் இதைத் தண்ணீரில் விடுங்கள். பிறகு என்னைப் பாருங்கள்.

யாரும் விளக்குப் போட