முகம் தெரியும் ஒரே படம்

என் அன்புள்ள ஜித் அண்ணா,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மெல்பேணில், ட்ருகனினாவில் எங்கள் தெரு முழுக்க விளக்கு அணைந்துவிட்டது. மகளுக்குக் காய்ச்சல். இப்போதுதான் என் தோளில் கண்ணயர்ந்தாள். கிடத்தினால் எழும்பிவிடுவாளோ, கிடத்தியபின் மூச்சு கேட்காமல் போய்விடுமோ என்று எல்லாவற்றுக்கும் பயம் எனக்கு. அதனால் அவளை வைத்துக்கொண்டே ஒரு கையால் போனில் எழுதுகிறேன். ஆதிரை என்று பெயர். நீங்கள் அவளைப் பார்த்ததில்லை.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று போன கிழமைதான் அறிந்தேன். அன்று நேபாளத்தில் எங்களைக் கூட்டிப்போன மலை வழிகாட்டி செய்தி அனுப்பியிருந்தார். ஒரு மலையேறும் அணிக்குக் கூடாரமும் காஸ் சிலிண்டரும் சுமந்துகொண்டு மேல் முகாமுக்குப் போனீர்களாம். தலையிடி என்று சொன்னீர்களாம். இறங்கிப் போகச் சொல்லித் தனியாக அனுப்பினார்களாம். வழியிலேயே உயிர் போய்விட்டதாம். அந்த அணி இணையத்தில் போட்டதையும் தேடி வாசித்தேன். உச்சியைத் தொட்டுவிட்டு அனைவரும் நலமாகத் திரும்பினார்களாம். அந்த அனைவரில் நீங்கள் ஏன் இல்லை, அண்ணா?

நானும் கஜனும் கல்யாணமான புதிதில் நேபாளத்துக்கு மலை பார்க்க வந்தோம். எங்கள் சாமானைச் சுமக்க வந்தவர் நீங்கள். ஊரெல்லாம் முதுகுப்பையோடு வர, நாங்கள் கொண்டுவந்தது சில்லு வைத்த சூட்கேஸ். உள்ளே மாமி கட்டித் தந்த வறுத்த மா, பருத்தித்துறை வடை, ஊறுகாய்ப் போத்தல். அதை உங்கள் முதுகுக்கூடையில் வைத்துக் கட்டி, வாரை நெற்றியில் மாட்டி நிமிர்ந்தீர்கள். மலேசியாவில் தொழிற்சாலையில் தமிழர்களோடு வேலை செய்தபோது பிடித்த தமிழில் கேட்டீர்கள்:

“பெட்டிக்குச் சக்கரம் இருக்கு தங்கச்சி. ரோடு எங்க?”

“அண்ணை, உங்கட தமிழ் மெல்பேண் பெடியளின்ர தமிழைவிடத் திறம்,” என்றார் கஜன்.

அப்போது எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. மற்றப் படங்களில் எல்லாம் ஒரு பெரிய சுமையும் அதற்குக் கீழே இரண்டு கால்களும்தான். இந்த ஒன்றில் மட்டும் முகம் தெரிகிறது. சில்லைச் சுட்டிக்காட்டிச் சிரிக்கிறீர்கள்.

பிறகு ஒருநாள் உயரம் ஒத்துக்கொள்ளாமல் எனக்கு நடை தள்ளாடியது, நாக்குக் குழறியது. வழிகாட்டி முன்னால் போய்விட்டார். கஜன் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நீங்கள் சூட்கேஸைப் பாதையோரம் இறக்கிவிட்டு வெறுங்கூடையைக் காட்டினீர்கள்.

“ஏறு.”

“இதுக்குள்ளயோ? சாமான்?”

“சாமான் நாளைக்கும் இங்க இருக்கும். நீ இருக்க மாட்ட.”

முதுகோடு முதுகாக இருந்தேன். மலை என்னைவிட்டுப் பின்வாங்கிக்கொண்டே போனது. நான் கண் மூடும்போதெல்லாம் கீழேயிருந்து உங்கள் குரல்.

“தூங்காத தங்கச்சி. சாப்பிட்டாச்சா? என்ன சாப்பிட்ட?”

“புட்டு.”

“அப்புறம்?”

“மீன்குழம்பு.”

“அப்புறம்?”

சாப்பிடாததையெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தேன். இளைப்பாறும்போதுகூட என்னை நீங்கள் இறக்கவில்லை. கைத்தடியைக் கூடைக்கு அடியில் முட்டுக்கொடுத்து, நின்றபடியே சீழ்க்கை மாதிரி நீளமாக ஒரு மூச்சு விடுவீர்கள். அவ்வளவுதான், பிறகு நடை.

மலைநாட்டு மனிதருக்கு உயரம் ஒன்றும் செய்யாது என்று நாங்கள் நினைத்திருந்தோம். நீங்களோ வயல் இருக்கிற கீழ்ப்பக்கத்து ஊர், ஓகல்துங்கா மாவட்டம். எங்களுடையதைப் போன்ற நெஞ்சுதானே உங்களுக்கும்? என்னைத் தூக்க நீங்கள் இருந்தீர்கள். உங்களைத் தூக்க யார் இருந்தார்கள்?

செத்தவீட்டில் வைத்தது, மலேசியாவுக்குப் போக எடுத்த சின்னப் பாஸ்போர்ட் படமாம். மகள் மாயாவிடம் வேறு படமே இல்லையாம். தாயும் மகளும் இப்போது ஊரில் இல்லை, எங்கே போனார்கள் என்று தெரியாது என்கிறார் வழிகாட்டி. நீங்கள் சிரிக்கிற படத்தை வைத்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் இருக்கிறேன்.

ஆதிரை அசைந்தாள். எழும்பி உலாத்தினேன். கை கடுத்தபோது இறக்க மனம் வராமல் சுவரில் முதுகை முட்டுக்கொடுத்து நின்றேன். என்னை அறியாமல் உங்கள் மூச்சு என் வாயால் வந்தது.

“என்ன, விசிலடிக்கிறீரோ?” என்றார் கஜன், பாதித் தூக்கத்தில்.

“ஓம். நீங்கள் படுங்கோ.”

மாயாவைத் தேடிப் பிடிப்பேன், அண்ணா. அந்தச் சிரிப்பை அவள் கையில் கொடுப்பேன். உன் அப்பா என்னை ஒருதரமும் இறக்கி வைக்காமல் கொண்டுவந்து சேர்த்தவர் என்று என் வாயாலேயே அவளுக்குச் சொல்வேன்.

இதை இணையத்தில் வாசிக்கிறவர்களே, உங்கள் தெருவிலோ வேலையிடத்திலோ ஓகல்துங்காப் பக்கத்து நேபாள ஆட்கள் இருந்தால், சுமை தூக்கிய ஜித் பகதூரின் மகள் மாயாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்குக் கெதியாகப் பதில் எழுதுங்கள்.

நீங்கள் சுமந்த தங்கச்சி,
துஷி