வார்னிஷ் பூசிய நீலம்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா வரைந்த பெரிய நீல ஓவியம் என் பட்டறைக்கு வந்தது. அவள் வீட்டுச் சுவரில் இருபது வருடம் தொங்கியதில் ஒரே தூசி. அடுத்த மாதம் அவளுடைய முதல் தனிக் கண்காட்சி. "தூசி மட்டும் தட்டிக் குடுடா. உன் மேதாவித்தனத்தை அதுல காட்டாத" என்றாள். கை நடுக்கம் வந்து நாலு வருடமாகிறது அவளுக்கு. இனி வரைய முடியாது. இருப்பவை ஐந்தே ஓவியங்கள்.

மார்ச் 7, வெள்ளி

தூசி போய்விட்டது. ஆனாலும் ஏதோ வேலை முடியாத மாதிரியே இருக்கிறது.

மார்ச் 10, திங்கள்

என்ன காரியம் செய்துவிட்டேன்!

பழைய உருவப்படம் ஒன்றுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. நீலத்துக்கும் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்தால் பாதுகாப்புதானே என்று தோன்றியது. முப்பது வருடம் மற்றவர்களின் ஓவியங்களைச் சரிசெய்கிறவனுக்கு இந்தத் துணிக்கு வார்னிஷ் ஆகாதென்று தெரியாதா? தெரியும். அவளுடைய பாணியே அதுதான் — வண்ணத்தைத் தண்ணீராய்க் கரைத்து, அடிப்பூச்சில்லாத துணியில் ஊற்றி ஊறவிடுவது. தூரிகைத் தடம் கூடாது, பளபளப்பு கூடாது, துணியும் வண்ணமும் ஒன்றாக வேண்டும். அந்தக் காலத்திலேயே "சாயம் கொட்டின போர்வை" என்று கேலி செய்தவன் நான். மனசுக்குள் இன்னும் அதே திமிர்தான் போலிருக்கிறது.

துணி மடமடவென்று வார்னிஷைக் குடித்தது. நீலம் கறுத்து, வண்ணம் படாத வெறுந்துணியெல்லாம் மஞ்சள் பாய்ந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

வார்னிஷை எடுக்கும் கரைப்பானைத் தொட்டு ஓரத்தில் சோதித்தேன். வார்னிஷ் இன்னும் உள்ளேதான் இறங்குகிறது. எடுக்கவே முடியாது.

மார்ச் 19, புதன்

அக்கா போன்.

"முடிஞ்சுதாடா?"

"காயுது."

"தூசி தட்டுனதுக்கு எதுக்குடா காயணும்?"

ஈரத்துணியால் துடைத்தேன் என்று புளுகினேன். நம்பிவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஏப்ரல் 2, புதன்

கண்காட்சிப் பொறுப்பாளர் ஓவியத்தை எடுத்துப் போக வந்தார். "அட, இது ஒண்ணு மட்டும் மினுங்குதே! தன்னோட பாணியவே உடைச்சிருக்காங்க, பாருங்க!" என்று சிலாகித்துக் குறிப்பெழுதிக்கொண்டார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். ரசீதில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். கோழை.

ஏப்ரல் 12, சனி

திறப்பு விழா. மற்ற நாலு ஓவியங்களைத் தாண்டி எல்லோரும் நீலத்தின் முன்னால்தான் மொய்த்தார்கள். "இவங்க புரட்சியே இதுலதான் இருக்கு" என்றார் விமர்சகர் ஒருவர். கூட்டமே கைதட்டியது.

அக்கா பக்கவாட்டில் நின்று, வெளிச்சம் படும்படி குனிந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வார்னிஷா?"

"பாதுகாப்புக்குத்தான்க்கா..."

"ஒரு மாசமாச்சு. ஒரு வார்த்த சொல்லத் தோணலயாடா உனக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் என்ன மனுஷன்!

ஏப்ரல் 14, திங்கள்

ஏழு முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

அவள் அங்கே வந்திருப்பாளோ என்று கண்காட்சிக்குப் போனேன். வரவில்லை. நீலத்தின் கீழே விவர அட்டை மாறியிருந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் என் பெயர். வரைந்த வருடமும் இந்த வருடம்.

"அவங்கதான் மாத்தச் சொன்னாங்க. இது என்னோடது இல்ல, என் தம்பி பேரப் போடுங்க, இல்லன்னா எல்லாத்தையும் கழட்டிருவேன்னுட்டாங்க" என்றார் பொறுப்பாளர்.

பக்கத்தில் ஒரு பெண் அட்டையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். "இந்த ஓவியர் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன்.