வலது கன்னத்துக்கு மறுக்கப்பட்ட ஊசி

அனுப்புநர்
முடிதிருத்தும் கடை நடத்துபவர்,
பேருந்து நிலையத்தின் பின் தெரு
(கடைக்கு மேலேயே வீடு).

பெறுநர்
மேல்முறையீட்டு அலுவலர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அலுவலகம்.

பொருள்: என் மனைவியின் முக நரம்பு வலிக்கான ஊசியை அழகு சிகிச்சை எனக் கருதி நிராகரித்தது – மறுபரிசீலனை செய்து அடுத்த ஊசிக்கு அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகத்தின் நிராகரிப்புக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மனு எழுதிப் பழக்கமில்லாதவன். தேவைக்கு மேல் ஏதேனும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். முதல் விண்ணப்பத்தைச் சுருக்கமாக எழுதித்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம்.

1. என் மனைவிக்கு முகத்தின் வலது பக்கத்தில் நரம்பு வலி. முதலில் பல்வலி என்றே நினைத்தோம். பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். வலி போகாததால் பக்கத்துப் பல்லையும் பிடுங்கினார். அதற்கும் போகாத பிறகே நரம்பு மருத்துவரிடம் அனுப்பப்பட்டோம். காற்று பட்டால், ஒரு வாய் தண்ணீர் குடித்தால், ஒரு முடி கன்னத்தில் விழுந்தால்கூட அந்தப் பக்கம் வெட்டி இழுக்கும். இழுக்கும் நேரத்தில் அவள் கத்துவதும் இல்லை. கத்துவதற்கு வாயைத் திறக்க வேண்டும்.

2. எங்கள் வீட்டில் பேச்சு என்பது அவளுடைய இலாகா. நான் 'ம்' கொட்டுவதோடு சரி. அப்படிப்பட்டவள் பேச்சை விட்டாள். கோபம் வந்தால் கண்ணாலேயே திட்டக் கற்றுக்கொண்டாள். அதையும் விவரமாகத் திட்டுவாள். கோடையிலும் வீட்டில் மின்விசிறி போடுவதில்லை. தலைமுடியின் இடது பக்கத்தை மட்டும் வாரிக்கொள்வாள். வலது பக்கம் சிக்கு விழுந்து சடையாகிப்போனது. தெருவில் பாதிப் பேருக்கு முகம் திருத்துகிறவன் நான். என் வீட்டில் இருந்த ஒரே ஒரு முகத்தை என்னால் தொட முடியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்பது என்பார்களே, ஐயா, எனக்கு அது வெறும் பேச்சுவழக்கு அல்ல. இந்தக் கைகளுக்கு வேறு வேலை தெரியாது.

3. மாத்திரைகள் கொடுத்தார்கள். வலி பாதி குறைந்தது. ஆனால் நிற்க முடியாமல் தலைசுற்றல் வந்து, சமையலறையில் இரண்டு முறை விழுந்தாள். அறுவை சிகிச்சையை அவள் இதயம் தாங்காது என்று மருத்துவர் கூறிவிட்டார். அதன் பின்னரே கன்னத்தில் தோலுக்கடியில் ஆங்காங்கே சிறிது சிறிதாக பொட்டுலினம் ஊசி போடப்பட்டது. மக்கள் போடாக்ஸ் என்று சொல்வது இதைத்தான். முதல் முறைக்கு மருத்துவமனையின் கையிருப்பிலேயே மருந்து இருந்தது. இனி வேண்டுமானால் தங்கள் அலுவலகம் அனுமதிக்க வேண்டும். முகச் சுருக்கத்தை எடுக்கவும் இதே மருந்தைப் போடுகிறார்களாம். அது எனக்கு அப்போது தெரியாது. கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்திருந்தது. "என்னண்ணே, அண்ணிய கதாநாயகி ஆக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

4. சில நாட்களில் வலி அடங்கியது. வலது கன்னத்தில் இருந்த கோடுகளும் சற்று மறைந்தன, இடது கன்னத்துக் கோடுகள் அப்படியே இருந்தன. அழகுக்காகப் போட்டிருந்தால் ஒரு கன்னத்தோடு நிறுத்தியிருப்போமா என்பதைத் தாங்களே யோசிக்க வேண்டுகிறேன்.

5. இந்தச் சமயத்தில்தான், அடுத்த ஊசிக்கு நாங்கள் கொடுத்திருந்த விண்ணப்பத்தின் பேரில் நேரில் ஆய்வுக்கு வரும்படி தங்கள் அலுவலகம் அழைத்தது. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நேர்காணலுக்கோ நீதிமன்றத்துக்கோ போகிறவர்கள் முதலில் எங்களிடம்தான் வருவார்கள். அவர்களை அரைகுறையாக அனுப்பினால் அது கடைக்கே இழுக்கு. அன்று காலை என் மனைவி தானாகவே கடைக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "இப்பத்தான் தொட விடுதே, நல்லா பண்ணிவிடுங்க. ஆபீசர் முன்னாடி போகணும்ல" என்றாள். சிக்கை அவிழ்த்தேன். தலைமுடிக்குச் சாயம் பூசினேன். புருவம் திருத்தி, முகத்தைக் கழுவித் துடைத்தேன். அவள் வலது கன்னத்தில் என் கை பட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கண்ணாடியில் பார்த்து, "பரவாயில்லையே, தொழில் மறக்கல" என்றாள். அன்று இருவருமே சந்தோஷமாக இருந்தோம். அதைத் தவறு என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

6. ஆய்வு அறையில் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. அவள் அதற்கு நேர் கீழே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். "இப்ப வலி இருக்கா?" என்று ஆய்வு மருத்துவர் கேட்டார். "இல்லீங்க டாக்டர், ஊசி போட்டதுக்கப்புறம் சுத்தமா இல்ல" என்று உள்ளதைச் சொன்னாள். வந்த கடிதத்தில், "வலி இல்லை. முகப்பொலிவு மேம்பட்டுள்ளது. அழகு சார்ந்த சிகிச்சை" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பொலிவில் பெரும்பங்கு என் சீப்புக்கும் கத்தரிக்கும் உரியது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

7. கடிதத்தை எடுத்துக்கொண்டு தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். முகப்பில் இருந்த ஊழியர் என்னை உட்கார வைத்து, பொறுமையாகவே பேசினார். அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. "வலி இருக்கும்போது கூட்டிட்டு வாங்க சார், மறுபடியும் பார்க்கச் சொல்றேன்" என்றார். வலி இருக்கும்போது பேருந்துக் காற்றில் அவளால் வர முடியாது. வந்தாலும் கேட்கும் கேள்விக்கு வாய் திறக்க முடியாது. வாய் திறக்க முடிகிற நாளில் வலி இல்லை என்று எழுதிவிடுகிறார்கள். இதில் எந்த நாளில் அவளை அழைத்து வருவது என்று எனக்குப் புரியவில்லை.

8. ஊசியின் பலன் சில மாதங்களே நிற்கும் என்றும், முழுவதும் தீர்வதற்குள் அடுத்ததைப் போடுவது நல்லது என்றும் நரம்பு மருத்துவர் எழுதிக் கொடுத்துள்ளார். பலன் குறையத் தொடங்கிவிட்டது. இந்த வாரம் சாப்பிடும்போது பாதிப் பேச்சில் நிறுத்தினாள். கேட்டதற்கு, "சொல்ல வந்தது மறந்துபோச்சு" என்றாள். அவள் எதையும் மறக்கிறவள் அல்ல. தலையை இடது பக்கம் சாய்த்துத் தண்ணீர் குடிக்கிறாள். நான் உள்ளே வரும்போது நிமிர்த்திக்கொள்கிறாள். நேற்று மின்விசிறியைத் தானே போய் நிறுத்திவிட்டு, "குளிருது" என்றாள். எனக்கோ வியர்த்துக்கொண்டிருந்தது.

ஆகவே, நிராகரிப்பை ரத்து செய்து, அடுத்த ஊசிக்கு விரைந்து அனுமதி அளிக்க வேண்டுகிறேன். மீண்டும் ஆய்வு செய்தே ஆக வேண்டும் என்றால், அன்று அந்த அறையின் மின்விசிறியை மட்டும் நிறுத்திவைக்கச் சொல்லவும். நான் அவள் தலையில் சீப்பு வைக்காமல் அழைத்து வருகிறேன். அவளுக்கு வலி சீக்கிரம் முற்றட்டும், அப்போதாவது நம்புவார்கள் என்று சில நேரம் எனக்கே தோன்றுகிறது. கட்டிய மனைவிக்கு இப்படி நினைக்கும்படி என்னை வைத்துவிடாதீர்கள், ஐயா.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
மனுதாரர்,
(பயனாளியின் கணவர்)

இடம்: கடை
நாள்: வார விடுமுறை

இணைப்பு: நிராகரிப்புக் கடித நகல், நரம்பு மருத்துவரின் கடிதம்.

குறிப்பு: பயனாளியின் கையொப்பம் இல்லை என்பதற்காக இம்மனுவைத் திருப்பி அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன். கையொப்பம் வாங்க வேண்டுமானால் இதை அவளிடம் படிக்கக் கொடுக்க வேண்டும். வலி திரும்பிவிட்டது எனக்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். மாடியிலிருந்து அவள் பேச்சுக் கேட்கிறது. எனக்குக் கேட்கட்டும் என்றுதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.